உட்ஸ் ஏரிக்கரையில் முதல் ராத்திரி: டென்ட் முகாமுக்குப் புதியவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து நம்மவர்கள் முதல் தடவை டென்ட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினால், கார் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். மசாலா தடவிய சிக்கன், முறுக்கு டின், மடக்கு நாற்காலி, கிரிக்கெட் மட்டை, ஸ்பீக்கர், ஊஞ்சல் படுக்கை எல்லாம் இருக்கும். அத்தனையும் பகலுக்கு வேண்டிய சாமான். ராத்திரிக்கு வேண்டியது என்று தேடினால் வீட்டுக் கம்பளி இரண்டும் காற்றடிக்கும் மெத்தை ஒன்றும் கிடைக்கும்.

நானும் அப்படிப் போனவன்தான். ஜூலை மாதம், ஊரில் 35 டிகிரி வெயில். ஏரிக்கரையில் விடியற்காலை மூன்று மணிக்கு மேசைமேல் வைத்திருந்த பாத்திரத்து நீரில் கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிய பனி. நாங்கள் நாலு பேரும் அப்போது காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டோம். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பகல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், ராத்திரிக்குத் தயாராகுங்கள்.

நான் போகும் இடத்தை வைத்தே சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், எல்டொராடோ தேசிய வனத்துக்குள் இருக்கிறது உட்ஸ் ஏரி. ஜாக்ஸன் ஊர் வழியாக ஏறும் 88ஆம் எண் நெடுஞ்சாலையில், கார்சன் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுகலான கிளைச்சாலை வலப்பக்கம் பிரியும். கணவாயின் உயரம் 8,574 அடி, ஏரி சுமார் 8,200 அடி. 1844 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஃபிரெமான்ட்டும் அவருடைய வழிகாட்டி கிட் கார்சனும் தங்கள் ஆட்களோடு பனிக்குள் இறங்கி ஏறி, கூட வந்த குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொன்று தின்று உயிர்பிழைத்துக் கடந்த மலைப்பகுதி இது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாஷோ மக்களுக்கோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது கோடைக்கு ஏறிவரும் சொந்த நிலம். கழுதைக் கதையை நான் சமையல் பகுதிக்கு வரும்போது பிள்ளைகளிடம் சொல்வேன். உப்புமா வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

முகாமில் என்ன இருக்கிறது? டென்ட் போட ஒரு சமதளம், மர மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், குழிக் கழிப்பறை. அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை, கடை இல்லை, போன் சிக்னலை நம்ப முடியாது. ஏரியில் மோட்டார் படகு விடக் கூடாது, அதனால்தான் அந்த அமைதி.

எந்த மாதம்

ஜூன் கடைசிவரை, சில வருடம் ஜூலையிலும், அந்தக் கிளைச்சாலையில் பனி கிடக்கும். பனி உருகினால்தான் முகாம் திறக்கும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். திறந்த முதல் மூன்று வாரம் கொசுவின் ராஜ்ஜியம். நம் ஊர்க் கொசு மாதிரி காதருகே பாடி எச்சரிக்கை கொடுத்துவிட்டு வராது, கூட்டமாக வந்து முழங்கையில் உட்கார்ந்துவிடும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை கார்சன் கணவாய்ச் சரிவுகளில் லூப்பின், பெயின்ட்பிரஷ் பூக்கள் நீலமும் சிவப்புமாக விரிந்துகிடக்கும். அதற்காகக் கொசுவைப் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. பிகாரிடின் அல்லது டீட் கலந்த மருந்தைத் தோலில் தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டால் சமாளிக்கலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஆகஸ்ட் பின்பாதி, அல்லது செப்டம்பர் முதல் இரண்டு வாரம். கொசு போயிருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஒரே பயம் காட்டுத்தீப் புகை. 2021 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய கால்டோர் தீ 2.2 லட்சம் ஏக்கரைத் தின்று, சியரா முகட்டையே தாண்டிப் போனது. தாஹோ ஏரிக்கரையில் ஊரையே காலி செய்தார்கள். 88ஆம் சாலையில் போகும்போது அந்தக் கரிந்த மரங்களை இன்றும் பார்க்கலாம். ஆகவே கிளம்பும் முந்தின நாள் மூன்று விஷயம் பாருங்கள்: காற்றின் தரம், அந்த உயரத்துக்கான வானிலை, வனத்துறை போட்டிருக்கும் நெருப்புத் தடை. வானிலையை ஜாக்ஸனுக்குப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். ஜாக்ஸனுக்கும் ஏரிக்கும் நடுவில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்.

இடம் பிடிப்பது

சுமார் 25 இடங்கள் உள்ள சின்ன முகாம். நான் போய்வந்த வருடங்களில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புமுன் வனத்துறைத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இல்லாத முகாமுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடித்துவிட்டுப் போவது வீண். வியாழக்கிழமை காலை பத்துப் பதினோரு மணிக்குப் போய் நில்லுங்கள், முந்தின நாள் தங்கியவர்கள் மூட்டை கட்டும் நேரம் அது. கிடைக்காவிட்டால் அதே சாலையில் கேப்பிள்ஸ் ஏரி, கர்க்வுட் ஏரி, சில்வர் ஏரி முகாம்கள் இருக்கின்றன. பகலில் வந்திருந்தால்தான் அங்கே போய்த் தேட முடியும், இருட்டில் வந்தால் நடுத்தெரு.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் உடனே ஒரு நாற்காலியையோ தண்ணீர் கேனையோ இறக்கி வைத்துவிட்டு, வாசலுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே ஒரு இரும்புத் தூணில் உண்டியல் மாதிரித் துளை இருக்கும். ‘இரும்பு ரேஞ்சர்’ என்பார்கள். பக்கத்தில் காகித உறைகள் இருக்கும். பெயர், கார் எண், எத்தனை ராத்திரி, எந்த இடம் என்று உறைமேல் எழுதி, பணத்தை உள்ளே வைத்து, ஒட்டி, உண்டியலில் போடவேண்டும். உறையில் கிழிக்கும்படி ஒரு துண்டு இருக்கும், அதைக் கிழித்து உங்கள் இடத்தின் எண் போட்ட கம்பத்தில் செருகிவிடுங்கள். அதுதான் உங்கள் பட்டா. உண்டியல் மீதிச் சில்லறை தராது. போன் வழியாகப் பணம் அனுப்பியே பழகியவர்கள், பத்து டாலர், ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டுகளாகப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவும் வேண்டும். அங்கே நின்று பேனாவுக்குப் பக்கத்துக் காரைத் தட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

படுக்கை: காசை இங்கே செலவழியுங்கள்

டென்ட் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. படுக்கையில் கஞ்சத்தனம் காட்டினால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பலரும் நினைப்பது, குளிர் மேலிருந்து வருகிறது என்று. தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போடும் ஒரு அடி உயரக் காற்று மெத்தை பார்க்க ராஜபோகமாக இருக்கும். உள்ளே இருப்பது வெறும் குளிர்ந்த காற்று, நீங்கள் புரளும்போதெல்லாம் அந்தக் குளிர் சுற்றிச் சுற்றி வரும். அதற்குப் பதில், முகாமுக்கென்றே செய்த மேட் வாங்குங்கள். அட்டையில் ‘ஆர் மதிப்பு’ என்று ஒரு எண் போட்டிருக்கும், குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு. இந்த உயரத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் பாருங்கள். காற்று மெத்தையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதன்மேல் தடித்த கம்பளியோ நுரை மேட்டோ விரித்துப் படுங்கள், கொஞ்சம் தேறும்.

ஸ்லீப்பிங் பேக்கில் ‘20 டிகிரி’ என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்குக்கு மைனஸ் 7. அந்தக் குளிரில் சுகமாகத் தூங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பல கம்பெனிகள் போடுவது, சுருண்டு படுத்தால் ஒருவாறு சமாளிக்கலாம் என்ற கடைசி எல்லை. சுகமாகத் தூங்க அந்த எண்ணோடு பத்து ஃபாரன்ஹீட்டாவது கூட்டிக்கொள்ளுங்கள். நம் உடம்பு குளிருக்குப் பழகியதில்லை என்பதால் நான் பதினைந்து கூட்டுவேன். உட்ஸ் ஏரிக்கு 20 போட்டது சரியாக இருக்கிறது.

தூங்கப் போகும்போது பகலில் போட்ட உடுப்போடு உள்ளே நுழையாதீர்கள். வியர்வையில் லேசாக நனைந்த பருத்தி பனியன் ராத்திரி முழுக்க ஈரத்துணி கட்டியதுபோல இருக்கும். உலர்ந்த உள்சட்டை, உலர்ந்த கம்பளிக் காலுறை இரண்டையும் தூங்குவதற்கென்று தனியாக ஒரு பையில் எடுத்து வையுங்கள். ஊட்டியில் வாங்கிய மங்கி கேப் வீட்டில் எங்காவது கிடக்குமே, அதை எடுத்து வாருங்கள். கிண்டல் செய்கிறவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு அதையேதான் கேட்பார்கள். இன்னொரு வித்தை: கெட்டியான தண்ணீர் பாட்டிலில் சூடான நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு காலுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் நடுராத்திரிவரை கதகதப்பு.

டென்ட் போடுவது

வாங்கிய டென்ட்டை ஏரிக்கரையில் முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். வீட்டுப் பின்புறத்திலோ பக்கத்துப் பூங்காவிலோ ஒருமுறை போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பி எந்தத் துளையில் என்பது அப்போது தெரியும், முளை குறைந்தாலும் தெரியும். ‘நாலு பேர் டென்ட்’ என்று போட்டிருந்தால் நாலு பேர் மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கும் கணக்கு. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் ஆறு பேர் டென்ட் எடுங்கள்.

இடத்தில் போய் நின்றதும் முதலில் மேலே பாருங்கள். காய்ந்த மரம், முறிந்து தொங்கும் கிளை இருந்தால் அதன் அடியில் வேண்டாம். பிறகு கீழே பாருங்கள். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் வந்து தேங்கும், ஏரி மட்டத்தைவிட நாலடி உயர்ந்த திட்டு இருந்தால் அங்கே போடுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள்ளேயே போட வேண்டும், காட்சி நன்றாக இருக்கிறது என்று புல்வெளியில் இறங்கிவிடக் கூடாது. அந்த உயரத்தில் ஒரு புல் முளைத்துவர வருடங்கள் ஆகும்.

டென்ட்டுக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். அது டென்ட்டின் விளிம்பைவிட ஒரு ஜாண் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

முளை அடிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இங்கே மண் என்பது கருங்கல் உதிர்ந்த பொலபொலப்பான மணல், அதற்கு ஒரு அடி கீழே பாறை. முளையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி கோணலாக இறக்குங்கள். பாதியில் கல்லில் முட்டினால் அடித்து வளைக்காதீர்கள், ஒரு கை தள்ளி வேறிடத்தில் இறக்குங்கள். எங்குமே பிடிக்கவில்லை என்றால் கயிற்றை ஒரு சின்னக் கல்லில் கட்டிக் கிடத்தி, டென்ட்டுக்கும் அதற்கும் நடுவில், கயிற்றின் மேலேயே ஒரு பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும், ஒரு அங்குலம் நகராது. பெரிய கல்லிலேயே கட்டினால் கயிறு உரசி அறுந்துபோகும். கிளம்பும்போது அந்தக் கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

வானம் நீலமாக இருந்தாலும் மேல்விரிப்பைப் போட்டே ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இடிமழை கிளம்பும். ஆனால் அதில் உள்ள காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள். நாலு பேர் மூச்சுவிடும் ஈரம் போக வழியில்லாமல் துணியில் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலை மூக்கில் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சமையல், உயரத்தின் சேஷ்டை

ஏறும்போதே பார்க்கலாம். பின்சீட்டில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. அதே வேலையை எண்ணெய் பாட்டிலும் ஊறுகாய் டப்பாவும் செய்யும், திறந்ததும் பீய்ச்சும். எங்கள் ஆவக்காய் ஒருமுறை கூலர் முழுக்கப் பரவியது. நிதானமாக, துணி போர்த்தித் திறங்கள்.

8,200 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் சாதம் தாமதமாக வேகும், துவரம்பருப்பு வேகவே வேகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இடத்து வெள்ளைக்காரர்கள் அதிசயமாகப் பார்த்தாலும் மூன்று லிட்டர் குக்கரைக் கூச்சப்படாமல் கொண்டுபோங்கள். ஒரு சங்கடம்தான்: ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு மணிவரை முகாமில் அமைதி நேரம். ஆறு மணிக்கு முன்னால் விசில் அடித்தால் எல்லா டென்ட்டும் எழுந்துவிடும்.

முதல் நாளுக்கு வீட்டிலேயே கிளறிய புளியோதரையும் தயிர்சாதமும் போதும். டென்ட் போட்டுக் களைத்தபின் யாருக்கும் அடுப்பு பற்றவைக்கத் தெம்பு இருக்காது. மறுநாள் காலை உப்புமா, ரவையை வீட்டிலேயே வறுத்து, தாளிப்புச் சாமானையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு எடுத்துவாருங்கள். தோசைமாவைப் பற்றி ஒரு வார்த்தை: நன்றாகப் புளித்த மாவாகவே கொண்டுவாருங்கள், அந்தக் குளிரில் மாவு பொங்காது.

ஆசியக் கடைகளில் கிடைக்கும் தட்டையான ஒற்றை அடுப்பு நம் வீடுகளில் நிறைய இருக்கும். அதில் நீளமான பியூட்டேன் டப்பா போடுவோம். ஊரில் அருமையாக எரியும். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரிக்குக் கீழே வாயுவாக மாறாது, அதனால் பனி விழுந்த காலையில் காப்பிக்குப் பற்றவைத்தால் நீலமாக ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துபோகும். மலைக்குப் பச்சை நிறச் சின்ன சிலிண்டரில் வரும் புரொபேன் அடுப்புதான் சரி, எவ்வளவு குளிர்ந்தாலும் எரியும். எந்த அடுப்பானாலும், கரி அடுப்பு உள்பட, டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. மழை பெய்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கேனில் கொண்டுபோங்கள். முகாமில் குடிநீர் உண்டு என்று போட்டிருந்தாலும் பம்ப் வேலைசெய்யாத நாள் வரும். ஏரி நீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதை அப்படியே குடித்தால் ஜியார்டியா வயிற்றுப்போக்கு வரலாம். கொதிக்கவைத்தால் இந்த உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், கீழே ஊரில் ஒரு நிமிடம் போதும். பாத்திரத்தை ஏரியில் கழுவாதீர்கள், 200 அடி தள்ளிக் கொண்டுவந்து கழுவுங்கள். மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் அப்படித்தான்.

கரடி

கலிஃபோர்னியாக் கொடியில் இருக்கும் பழுப்புக் கரடி இந்த மாநிலத்தில் நூறு வருடமாக இல்லை. இப்போது இருப்பது கருங்கரடி மட்டும், அதுவும் பாதிக்கு மேல் பழுப்பாகத்தான் இருக்கும். ஆளைத் தேடி வராது, வாசனையைத் தேடி வரும். பற்பசை, முகக்கிரீம், குழந்தையின் பால் புட்டி, காரில் கிடக்கும் மிட்டாய்க் காகிதம் எல்லாம் அதன் கணக்கில் சாப்பாடுதான். டென்ட்டுக்குள் மணக்கும் பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இடத்தில் இரும்புப் பெட்டி இருந்தால் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொக்கியை முழுதாக மாட்டுங்கள். பெட்டி இல்லாத முகாமுக்குப் போகிறீர்கள் என்றால் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா மலையேற்றக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கார்தான் பத்திரம் என்று நினைக்காதீர்கள். சியராவில் கரடி கார்க் கதவைச் சிகரெட் பெட்டி மாதிரி மடக்கிப் போட்ட படங்கள் எல்லா ரேஞ்சர் அலுவலகத்திலும் தொங்கும்.

கரடி வந்தே விட்டால் ஓடாதீர்கள். எல்லாரும் சேர்ந்து நின்று, கையைத் தூக்கி, தட்டைத் தட்டிக் கத்துங்கள், போய்விடும். உண்மையில் உங்கள் சாப்பாட்டைத் திருடப்போவது அணில்தான். மேசையில் முறுக்கை வைத்துவிட்டு முகம் கழுவப் போய் வாருங்கள், தெரியும்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் ஒரு ராத்திரி. மனைவி என்னை உலுக்கி, “ஏங்க, வெளியில ஏதோ மூச்சு விடுது” என்றாள். “காத்தா இருக்கும், படு.” “காத்து புல்லு திங்குமாங்க?” டார்ச்சை மெதுவாக ஜன்னல் வலையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பச்சைக் கண்கள். கழுதை மாதிரி நீண்ட காதுள்ள மான் ஒன்று, எங்கள் டென்ட் கயிற்றுக்கு அருகில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி கேட்கும் சத்தங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இப்படித்தான்.

இருட்டும் நெருப்பும்

சூரியன் அஸ்தமிக்கும் நேரம் என்று போன் காட்டுவதை நம்பாதீர்கள். மேற்கே மலை இருப்பதால் ஒரு மணி நேரம் முன்னாலேயே நிழல் விழுந்துவிடும், நிழல் விழுந்த ஐந்தாவது நிமிடம் குளிர் ஏறும். அதற்குள் நாலு காரியம் முடிந்திருக்க வேண்டும்: படுக்கை விரித்தாயிற்று, கதகதப்பான உடுப்பு மாற்றியாயிற்று, சாப்பாடு பெட்டிக்குள் போயாயிற்று, ஆளுக்கொரு தலைவிளக்கு கையில் வந்தாயிற்று. போன் வெளிச்சத்தில் ஒரு கையால் எதுவும் செய்ய முடியாது. நெற்றியில் கட்டும் விளக்கு பத்து டாலருக்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டு, வழி தவறினால் நடக்காமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஊதச் சொல்லிக்கொடுங்கள்.

நெருப்புத் தடை இல்லாத நாளானால், இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டுங்கள். விறகை வீட்டிலிருந்து தூக்கி வராதீர்கள், விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சியும் காட்டுக்குள் வந்துவிடும். வழியில் மலைமேல் விற்பதை வாங்குங்கள். அணைக்கும்போது வாளி நீரை ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடுவது ஏமாற்று வேலை, கங்கு அடியில் விடிய உயிரோடு இருக்கும்.

குழிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. நம் பழக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மக், ஒரு பாட்டில் நீர், கை கழுவும் திரவம் மூன்றையும் ஒரு பையில் போட்டு டென்ட் வாசலில் தொங்கவிடுங்கள். டாய்லெட் பேப்பரும் சொந்தமாக ஒரு சுருள். குழந்தையின் டயப்பர், ஈரத்தாள் எதையும் குழிக்குள் போடாதீர்கள். மூடியையும் கதவையும் சாத்திவிட்டு வாருங்கள், நாற்றம் குழாய் வழியாக மேலே போய்விடும்.

எல்லாம் முடிந்து எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருங்கள். ஆகஸ்டில் பால்வீதி ஏரிக்கு மேலே தென்திசையில் புகைபோல எழும்பி நிற்கும். ஆகஸ்ட் 12ஐ ஒட்டி என்றால் எரிகற்களும் விழும். பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் பால்வீதியை மேகம் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

மறுநாள்

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் இந்த உயரத்துக்கு ஏறினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ யோசிக்காமல் காரில் ஏற்றிக் கீழே இறக்குங்கள். ஆகவே முதல் நாள் மலையேற வேண்டாம். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி வின்னமக்கா ஏரி, ரவுண்ட் டாப் ஏரி, பழைய லாஸ்ட் கேபின் சுரங்கம் என்று சுற்றி வரலாம். சுமார் 5 மைல், முகாமிலேயே தொடங்கி முகாமிலேயே முடியும். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள். இடி கேட்டால் திறந்த முகட்டிலும் ஏரிக்குள்ளும் இருக்கக் கூடாது. நம் தோலுக்கு வெயில் சுடாது என்கிற வீரம் இங்கே எடுபடாது, சன்ஸ்கிரீனை மூக்குக்கும் காதுக்கும் தடவுங்கள். ஏரியில் காலை நனைத்தாலே கணுக்கால் வலிக்கும். அது நேற்றுவரை பனியாக இருந்த தண்ணீர், நீச்சல் தெரிந்தவரும் திடீரென்று குதித்தால் மூச்சடைத்துப் போவார்.

கிளம்பும் காலை, டென்ட்டை வெயில் படும்வரை மடிக்காதீர்கள். முளைகளை எண்ணுங்கள், பன்னிரண்டு வந்திருந்தால் பன்னிரண்டு திரும்ப வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு சுற்று குனிந்து பாருங்கள். கறிவேப்பிலை, வெங்காயத் தோல், பழத்தோல் எல்லாம் குப்பைதான், மக்கிவிடும் என்று காட்டில் வீசக் கூடாது. குப்பைப் பையைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கியரைக் குறைத்து வாருங்கள். ஜாக்ஸன் வந்து சேரும்போது, ஏரிக்கரையில் குடித்து முடித்து மூடிய காலி பாட்டில் பின்சீட்டில் தானாக நசுங்கிக் கிடக்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, எவ்வளவு அலுப்பானாலும், டென்ட்டைப் பால்கனிக் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டுப் படுங்கள். ஈரத்தோடு பையில் அடைத்து அடுத்த கோடையில் திறந்தால், ஊறவைத்து மறந்துபோன துணி வாளியின் வாடைதான் வரும்.